சைமனின் தாவலும் அலுகார்டின் கோட்டையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் ‘சிம்பனி ஆஃப் தி நைட்’ ஆட்டத்தை முடித்திருக்கிறீர்கள். கோட்டையின் மூலை முடுக்கெல்லாம் தேடித் திரிந்தது உங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த ஆசையில், அந்த ஆட்டம் இடம்பெறும், கொனாமி நிறுவனத்தின் ‘காசில்வேனியா’ வரிசையின் பழைய ஆட்டங்கள் அடங்கிய தொகுப்பை வாங்கி, 1986இல் வந்த முதல் ஆட்டத்தைத் தொடங்கி, ஐந்தாம் பகுதியில் மரண தேவன் என்ற பெரிய எதிரிக்கு முந்தைய நடைபாதையைத் தாண்ட முடியாமல் நிறுத்திவிட்டீர்கள். பழைய ஆட்டம் இவ்வளவு முரடாக இருப்பது அந்தக் காலத் தொழில்நுட்பக் குறையாலா, பிற்கால ஆட்டம் அதன் திருத்தப்பட்ட வடிவம்தானா, இரண்டில் எது சிறந்தது என்று கேட்கிறீர்கள். பழையதை மறுபடியும் கையில் எடுப்பது உங்கள் நேரத்துக்குத் தகுமா என்பதே இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகளாகக் கைப்பேசி விளையாட்டுகளுக்கு லெவல் வடிவமைத்து வருகிறேன். தாவி ஆடும் விளையாட்டுகளே என் வேலையின் பெரும்பகுதி. ஆகவே, ஒரு பள்ளத்தின் அகலத்தை ஏன் அந்த அளவில் வைத்தார்கள், ஓர் எதிரியை ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பன போன்றவற்றில் என் கருத்தை ஓரளவு நம்பலாம். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கொனாமியில் அன்று வேலை செய்தவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பது பற்றி நான் சொல்லுமிடங்களில், ஆட்டத்தைப் பார்த்து ஊகித்ததை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன். முப்பரிமாணத்தில் வந்த ‘காசில்வேனியா’ ஆட்டங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

தொழில்நுட்பக் குறை என்ற விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதற்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். முதல் ஆட்டத்தின் நாயகன் சைமன் பெல்மாண்ட் தரையை விட்டுக் கால் எடுத்துவிட்டால், அவன் எங்கே இறங்குவான் என்பது அந்தக் கணமே முடிவாகிவிடுகிறது. நடுவானில் பொத்தானை எந்தப் பக்கம் அழுத்தினாலும் பயனில்லை. படிக்கட்டில் ஏறும்போது தாவ முடியாது. சவுக்கை வீசச் சொன்னால் அது ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்தே முன்னால் பாய்கிறது. அடிபட்டால் பின்னோக்கித் தூக்கி எறியப்படுகிறான், பின்னால் பள்ளம் இருந்தால் கதை அங்கேயே முடிகிறது. இவற்றில் எதுவும் அந்த இயந்திரத்தால் திணிக்கப்பட்டதில்லை. ஃபாமிகாம் என்ற அதே வீட்டு ஆட்ட இயந்திரத்தில் ஓராண்டு முன்பே, 1985இல், மரியோ நடுவானில் திரும்பிக்கொண்டிருந்தார். கொனாமியே அதே இயந்திரத்துக்கு 1988இல் வெளியிட்ட ‘கான்ட்ரா’வில் தாவிய பிறகும் வீரனை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ‘99 இன் 1’ என்று அச்சிட்ட கேசட்டைச் செருகி டிவி முன்னால் உட்கார்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்றால், அந்த இரு தாவல்களும் உங்கள் கட்டைவிரலுக்கே நினைவிருக்கும். ஆகவே, சைமனின் விறைப்பான தாவல் ஒரு தேர்வு.

1991இல் வந்த ‘சூப்பர் காசில்வேனியா IV’ இதற்கு இன்னொரு சான்று. அதில் சவுக்கை எட்டுத் திசைகளிலும் வீசலாம், நடுவானில் தாவலைத் திருத்தலாம். தொழில்நுட்பம் வளர்ந்ததால் வந்த முன்னேற்றம் என்றால் அடுத்த ஆட்டங்களில் அது தொடர்ந்திருக்க வேண்டும் அல்லவா? 1993இல், அந்நாளில் ஆடம்பரமான பிசி எஞ்சின் என்ற ஆட்ட இயந்திரத்தின் குறுந்தகட்டில் வந்த ‘ரோண்டோ ஆஃப் ப்ளட்’ ஆட்டத்தில் நாயகன் ரிக்டரின் சவுக்கு மறுபடியும் நேர் முன்னால் மட்டுமே பாய்கிறது. எட்டுத் திசைச் சவுக்கு கைக்கு வந்ததும் எதிரிகளை எங்கே நிறுத்தினாலும் அவர்களால் தொல்லை கொடுக்க முடியவில்லை என்பதை உணர்ந்து பின்வாங்கினார்கள் என்பது என் ஊகம். நான்காம் ஆட்டத்தில் ஒரு மூலையில் நின்றுகொண்டு சாய்வாகச் சவுக்கை வீசியே பாதிச் சிக்கல்களைத் தீர்த்துவிடலாம் என்பதை அதை ஆடிய எவரும் கவனித்திருப்பார்கள்.

கடினம் முழுவதும் கலை நோக்கத்தில் பிறந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். ‘காசில்வேனியா III’ ஆட்டத்தின் ஜப்பானியப் பதிப்பில் கிராண்ட் என்ற துணை வீரன் கத்தியை வீசுவான். அமெரிக்கப் பதிப்பில் அந்த வீச்சைப் பறித்து, கையால் குத்தும் குறுவாளாக்கிவிட்டார்கள். ஒரே ஆட்டம் அமெரிக்காவுக்குப் போகும்போது கடினமாக்கப்பட்டது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். அங்கே கேசட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பொருந்தக்கூடிய விளக்கம்தான், ஆனாலும் நான் அதை நிரூபணமான செய்தியாக வைக்கவில்லை. நான் வைப்பது இவ்வளவே: கடினத்தில் ஒரு பங்கு வணிகம், பெரும்பங்கு வடிவமைப்பு, இயந்திரத்தின் பங்கு மிகச் சொற்பம்.

இப்போது நீங்கள் விட்டுவந்த அந்த நடைபாதைக்கே போவோம். நேரான ஒரு தளம். எதிரே கோடரி வீரர்கள் நின்றுகொண்டு, சில வேளை தலை உயரத்திலும் சில வேளை கால் உயரத்திலும் கோடரியை எறிகிறார்கள். அது திரும்பி அவர்கள் கைக்கே போகிறது. திரையின் விளிம்பிலிருந்து மெடூசாத் தலைகள் என்ற பறக்கும் எதிரிகள் அலைபோல் ஏறி இறங்கி ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. சைமனின் உயிர்ப்பட்டை 16 கட்டங்கள். இந்தப் பகுதிக்கு வரும்போது ஒவ்வோர் அடியும் நான்கு கட்டங்களைப் பறிக்கிறது, ஆகவே நான்கு முறை அடிபட்டால் முடிந்தது. கோடரி வீரன் பல அடிகளைத் தாங்குவான். அவனைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருக்கும்போது மெடூசாத் தலை எந்த உயரத்தில் வரப்போகிறது என்பதைக் கணித்து, கோடரி மேலே வருகிறதா கீழே வருகிறதா என்பதையும் கவனித்து, தாவினால் எங்கே இறங்குவோம் என்பதைத் தாவுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். தனித்தனியே எடுத்தால் மூன்றுமே எளிய கேள்விகள். முதல் நான்கு பகுதிகளில் இவற்றின் சாயல்களை உங்களிடம் தனித்தனியே கேட்டுவிட்டுத்தான் இங்கே ஒன்றாகக் கேட்கிறார்கள். கடைசியில் மரண தேவனிடம் தோற்றால் இந்த நடைபாதையின் தொடக்கத்திலிருந்துதான் மறுபடியும் வர வேண்டும்.

இப்படி ஓர் இடத்தை அமைக்க வடிவமைப்பாளருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஆடுபவரின் கையில் என்ன இருக்கிறது என்பது. முதல் ஆட்டத்தில் அது ஏறக்குறைய முழுவதும் தெரியும். தாவலின் உயரம் தெரியும், சவுக்கின் நீளம் தெரியும், நடையின் வேகம் தெரியும். மாறக்கூடியவை சவுக்கு மேம்படும் சில படிகளும், துணை ஆயுதமும், அதை எறியச் செலவாகும் இதயங்களின் எண்ணிக்கையும்தான். இதன் அருமை எனக்குத் தெரியவந்தது ஒரு தவறால்தான். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், நாற்பது லெவல்கள் கொண்ட ஒரு தாவல் ஆட்டத்தை நான்கு கட்ட அகலத் தாவலுக்காக அளந்து அளந்து அமைத்திருந்தோம். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, காசு சேர்த்துத் தாவலை ஐந்தாக உயர்த்திக்கொள்ளும் கடை ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். ஒரு கட்டம்தானே என்று நினைத்தேன். சோதனைக்கு வந்த ஒரு பெண் கடையில் அதை வாங்கிய பிறகு, பன்னிரண்டாம் லெவலில் நாங்கள் மூன்று நாள் செலவழித்து வைத்த நகரும் பலகையின் மேல் கால்கூட வைக்காமல் அந்தப் பக்கம் போய் இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளமும் ஒன்று தாண்ட முடியாததாகவோ பொருட்டே இல்லாததாகவோ ஆகிப்போனது. நாற்பது லெவல்களையும் திரும்ப அமைத்தோம்.

1997இல் வந்த ‘சிம்பனி’ இந்த அறிவை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வேறொன்றை வாங்கிக்கொண்ட ஆட்டம். இயக்கியவர் டோரு ஹகிஹாரா. துணை இயக்குநராக இருந்து பின்னர் இந்த வரிசையையே கையில் எடுத்துக்கொண்டவர் கோஜி இகராஷி. ‘மெட்ராய்ட்’, ‘காசில்வேனியா’ என்ற இரு ஆட்டப் பெயர்களைச் சேர்த்த ‘மெட்ராய்ட்வேனியா’ என்ற பெயர் இந்தத் தேடல் வகைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டாலும், தாங்கள் முன்மாதிரியாகக் கொண்டது ‘செல்டா’ ஆட்டங்களைத்தான் என்று இகராஷி சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். அதன் நாயகன் அலுகார்டு கோட்டைக்குள் ஓடி வரும்போது உயர்ந்த வாள், கேடயம், கவசம் எல்லாம் அணிந்திருக்கிறான். வழியில் வரும் எதிரிகள் ஒரே வீச்சில் விழுகிறார்கள். சற்று நேரத்தில் மரண தேவன் எதிரே வந்து அத்தனையையும் பறித்துக்கொண்டு போய்விடுகிறான். வெறுங்கையோடு நிற்கும்போதுதான், நீங்கள் யாராக இருந்தீர்கள், இனி யாராக வேண்டும் என்பது உறைக்கிறது. அதன் பிறகு எட்டாத மேடைகள், திறக்காத நீலக் கதவுகள், கம்பித் தடுப்புகள். இரட்டைத் தாவல் கிடைத்ததும் முன்பு பார்த்த மேடை நினைவுக்கு வருகிறது. பனிமூட்டமாக உருமாறத் தெரிந்ததும் கம்பித் தடுப்பு நினைவுக்கு வருகிறது. முதல் ஆட்டம் விரலின் நினைவைக் கேட்டது, இது இடத்தின் நினைவைக் கேட்கிறது. நூலகக் கிழவரிடம் கதவு திறக்கும் ரத்தினத்தை வாங்கிக்கொண்டு, எந்த நீலக் கதவுக்கு முதலில் போவது என்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்த அந்த நிமிடத்துக்கு ஈடான ஒன்று பழைய ஆட்டங்களில் கிடையாது.

இதற்குக் கொடுத்த விலை என்ன என்பதைக் காட்ட, அதே மெடூசாத் தலைகளையே எடுத்துக்கொள்ளலாம். ‘சிம்பனி’யின் மணிக்கூண்டிலும் அவை அலைபோல் ஏறி இறங்கி வருகின்றன, மஞ்சள் நிறத் தலை பட்டால் அலுகார்டு கல்லாகவும் ஆகிவிடுவான். ஆனாலும் அங்கே உங்களுக்கு மூச்சு முட்டியிருக்காது. அனுபவத்தால் வலிமை கூடும் இந்த ஆட்டத்தில், அந்த இடத்துக்கு ஒருவர் பத்தாம் நிலையில் வரலாம், இன்னொருவர் முப்பதாம் நிலையில் வரலாம். ஒருவர் கையில் சாதாரண வாள், இன்னொருவர் கையில் எதையும் பிளக்கும் வாள். இத்தனை பேருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றால் அந்த இடம் தளர்வாகத்தான் இருக்க முடியும். ஆட்டத்தின் பிற்பாதியில் வரும் தலைகீழ்க் கோட்டையின் நூலகத்தில் ஷ்மூ என்ற எதிரி எப்போதாவது கீழே போடும் கிரிஸேக்ரிம் வாள் கிடைத்துவிட்டால், நடந்துகொண்டே வெட்டலாம்; அதன் பிறகு எதிரி எங்கே நிற்கிறான் என்பதற்கே பொருளில்லை. தலைகீழ்க் கோட்டை முழுவதுமே எனக்கு இந்தக் காரணத்தால்தான் குறைவுபட்டதாகத் தோன்றுகிறது. முதல் கோட்டையை அப்படியே கவிழ்த்தது கண்ணுக்கு வியப்பு. ஆனால், கூரையாக இருந்தது தரையானபோது அந்தத் தரையைத் தாவுவதற்காக யாரும் அளக்கவில்லை. வௌவாலாகப் பறந்து கடந்துவிடுகிறோம்.

அதே ஆட்டத்தில் இதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. அதை வடிவமைப்பின் உச்சங்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். தங்க மோதிரத்திலும் வெள்ளி மோதிரத்திலும் பாதிப் பாதியாகப் பொறித்திருக்கும் சொற்களைச் சேர்த்துப் படித்து, இரண்டையும் அணிந்து, பெரிய கடிகாரம் இருக்கும் அறையில் போய் நின்றால் தரை திறக்கிறது. கீழே மரியா என்ற பெண் தரும் கண்ணாடியை அணிந்து ரிக்டரை எதிர்கொண்டால்தான் அவனை ஆட்டுவிக்கும் உருண்டை கண்ணுக்குத் தெரியும். அணியாமல் அவனைக் கொன்றால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், பாதிக் கோட்டை இருப்பதே தெரியாது. விரல் வேகம் எவ்வளவு இருந்தாலும் இங்கே உதவாது.

பழையது நேர்கோடு, புதியது தேடல் என்று காலத்தை வைத்துப் பிரிப்பதும் சரியாக வராது. முதல் ஆட்டத்திலேயே குறிப்பிட்ட சில சுவர்களை உடைத்தால் உள்ளே வறுத்த இறைச்சி இருக்கும். அதே 1986இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு வந்த ‘வாம்பயர் கில்லர்’ ஆட்டத்தில் சாவி தேடி அலைந்தால்தான் அடுத்த பகுதிக்குக் கதவு திறக்கும். 1987இல் வந்த ‘சைமன்ஸ் குவெஸ்ட்’டில் ஊர்கள், பகலிரவு, அனுபவப் புள்ளிகள், இதயங்களைக் காசாகக் கொடுத்து வாங்கும் பொருள்கள் எல்லாம் வந்துவிட்டன. அது தடுமாறியது ஆசையில் இல்லை, தகவல் சொல்வதில்தான். சிவப்புப் பளிங்கைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு பாறை முன்னால் மண்டியிட்டுக் காத்திருந்தால் சூறாவளி வந்து தூக்கிச் செல்லும் என்பதை, பொய்யும் மெய்யும் கலந்து பேசும் ஊர்மக்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் வரைபடமும் கிடையாது. ‘சிம்பனி’ சாதித்ததில் பாதியை, திரையில் தானாக நிரம்பிக்கொண்டே வரும் அந்த நீல வரைபடத்தின் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

‘சிம்பனி’க்குப் பிறகு கேம்பாய் அட்வான்ஸிலும் நின்டெண்டோ டிஎஸ்ஸிலும் வந்த ஆறு ஆட்டங்களும் தேடல் வழியிலேயே சென்றன. அவற்றில் 2003இன் ‘ஆரியா ஆஃப் சாரோ’ உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். 2008இன் ‘ஆர்டர் ஆஃப் எக்லீசியா’ தனித்துக் குறிப்பிடத்தக்கது: கோட்டைக்கு முன்னால் சிறு சிறு நேர்வழிப் பகுதிகளை வைத்து, அடியின் வலியையும் கூட்டி, பெரிய எதிரியை அடியே படாமல் வென்றால் பதக்கமும் கொடுத்து, இரு வகைகளையும் ஒரே ஆட்டத்தில் பொருத்திப் பார்த்தார்கள். பின்னர் இகராஷி கொனாமியை விட்டு விலகி ‘ப்ளட்ஸ்டெயின்ட்’ வரிசையைத் தொடங்கியபோது, 2018இல் பழைய பாணியில் ஓர் ஆட்டமும் 2019இல் தேடல் பாணியில் ஓர் ஆட்டமும் தனித்தனியே வந்தன. பழைய பாணி ஆட்டத்தில் எளிய முறையைத் தேர்ந்தெடுத்தால், அடிபடும்போது பின்னால் தூக்கி எறியப்படுவது இருக்காது. ஒரு மாலை அதை இரு முறைகளிலும் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். அந்தச் சிறிய தள்ளல் இல்லாவிட்டால் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் எதிரிக்கு வேலையே இல்லாமல் போவதை நேரில் காணலாம்.

எனவே, உங்கள் கேள்விக்கு என் பதில்: பிற்கால ஆட்டம் பழையதன் திருத்தப்பட்ட வடிவம் இல்லை. ஒரு நடைபாதை எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்பதில் முதல் ஆட்டம் இன்றும் ‘சிம்பனி’யை விட ஒரு படி மேலே என்பது என் தீர்ப்பு, ஓர் இடத்தில் குடியிருப்பதுபோல் உணரவைப்பதில் ‘சிம்பனி’யை அது நெருங்கவும் முடியாது. நேரம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழகியவர் முதல் ஆட்டத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். உங்களுக்கு அந்தப் பழக்கம் வர எட்டுப் பத்து மாலைகள் ஆகலாம். தொகுப்பில் நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதை ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் மட்டும் பயன்படுத்துங்கள். நடைபாதையின் நடுவில் சேமித்துச் சேமித்துப் போனால் தாண்டிவிடுவீர்கள், ஆனால் அது கேட்கும் கேள்வியைக் காதில் வாங்காமலே போய்விடுவீர்கள். ‘சிம்பனி’யை முடித்துவிட்டதால், புதிய ஆட்டத்தில் பெயராக ரிக்டர் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பதிந்து, வாளும் கவசமும் மாற்ற வழியில்லாத அவனைக் கொண்டு அதே கோட்டையில் ஒரு மணி நேரம் நடந்து பார்ப்பதும் நல்ல இடைப்பயிற்சி.

அந்த நடைபாதைக்கு ஒரு குறிப்பு. ஐந்தாம் பகுதியில் உங்கள் கையில் துணை ஆயுதமாகப் புனித நீர் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். மெழுகுவத்தியை உடைத்து விழும் கத்தியைத் தெரியாமல் தொட்டுவிட்டால் புனித நீர் போய்விடும், ஆகவே அங்கே எந்த மெழுகுவத்தியை உடைக்கக் கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புனித நீரின் தீப்பிழம்பில் சிக்கிய கோடரி வீரன் அசைவற்று நிற்பான், அந்த இடைவெளியில் மெடூசாத் தலைகளை மட்டும் கவனித்தால் போதும். இதயங்களை அங்கேயே செலவழித்துத் தீர்த்துவிடாதீர்கள். கதவுக்கு அப்பால் மரண தேவன் தோன்றும் இடத்திலும் அதே நீரை விடாமல் எறிந்தால், அரிவாள்களை ஏவ அவனுக்கு நேரம் கிடைக்காது.